ஓரத்தில் ஒரு பென்சில் குறிப்பு

கண் ஆபரேஷனுக்காக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பிய ரிஜிஸ்டரம்மாவை, பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டார் புதுக் காவலாளி.

"கார்டு காட்டுங்க."

"என்ன கார்டு?"

"கார்டு வெச்சாத்தான் கேட் திறக்கும். வியாழக்கிழமையிலேர்ந்து இதான் ரூல். பேரப் பிள்ளையைக் கூப்பிட வந்தவங்க சாயந்தரம் நாலு மணிக்கு மேல வரணும் பாட்டி."

கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக அந்த வாசலில் நுழைகிறவள். இந்த மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய கை அவளுடையது. அதனாலேயே சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோய், ஊருக்கெல்லாம் ரிஜிஸ்டரம்மா ஆனவள்.

"எனக்குப் பேரப் பிள்ளைங்க உள்ள ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. எந்தப் பிள்ளையைக் கூப்பிடட்டும்?" என்றாள்.

காவலாளிக்கு விஷயம் புரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார். செய்த தப்புக்குப் பரிகாரமாக அவளோடு நாலடி நடந்து, வியாழக்கிழமைக் கூத்தையும் சொல்லி முடித்தார். கார்டு மெஷின் வைத்த முதல் நாளே நாற்பத்துமூன்று பிள்ளைகளின் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்ததாம். பட்டியலைப் பார்த்தால் அவர்கள் பெயரே இல்லையாம். பெற்றவர்கள் படையெடுத்து வந்து அவர் சட்டையைக் கிழிக்காத குறையாம்.

"நாப்பத்திமூணா?" என்று நின்றுவிட்டாள் ரிஜிஸ்டரம்மா.

அந்த எண்ணிக்கை அவளுக்குப் பழக்கமானது. லீவுக்கு முந்தின நாள் அவளே எண்ணிப் பார்த்தது.

ஒரு காலத்தில் இந்தப் பள்ளியில் மொத்தமே நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். எதிரே இருந்த தொழிற்சாலைக் குடியிருப்பின் பிள்ளைகள். அவர்களின் அப்பன்மாரையும் அவளுக்குத் தெரியும், அப்பன்மார் எந்த வகுப்பில் எத்தனை தடவை தவறினார்கள் என்பதும் தெரியும். பிறகு தொழிற்சாலை போய், அந்த நிலத்தில் பதினெட்டு மாடிக் கட்டடங்கள் முளைத்தன. கட்டடம் கட்ட வந்தவர்கள், கட்டிய வீட்டைக் கூட்டித் துடைக்க வந்தவர்கள், ரயிலடிக் கிடங்குகளில் மூட்டை பிரிக்க வந்தவர்கள் என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து சேர்ந்தன. எட்டு வருஷத்தில் பள்ளி ஐந்து மடங்கு வீங்கிவிட்டது. நூலகம் வகுப்பறையானது. சைக்கிள் கொட்டகையைத் தகரத்தால் இரண்டாகத் தடுத்து, இந்தப் பக்கம் பூகோளமும் அந்தப் பக்கம் கணக்கும் நடந்தன. மதிய இடைவேளையில் அவள் ஜன்னலோரம் பதினோரு பாஷைகள் போகும்.

பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. "ஸ்கூல் முன்ன மாதிரி இல்லே, யார் யாரோ பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டு, தனியார் பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனார்கள். ரிஜிஸ்டரம்மாவும் முதல் இரண்டு வருஷம் அதையேதான் சொன்னாள். பெயரை நாலு தடவை கேட்டு எழுதினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் எழுதிய பெயர் மனசில் தங்கிவிடும். தங்கிய பெயர் காய்ச்சலில் விழுந்தால் கவலை வரும். அப்படியே பழகிவிட்டது.

மாறாமல் இருந்தது அவளுடைய பென்சில் ஒன்றுதான்.

ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தாலோ, வீடு மாறுகிறார்கள் என்று காதில் விழுந்தாலோ, பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் 'விலாசத்தில் இல்லை' என்று எழுதி வைப்பாள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று அவளுக்கு அவளே வைத்துக்கொண்ட ஞாபகக் குறிப்பு அது. விசாரித்ததும் ரப்பரால் அழித்துவிட்டுப் புது விலாசத்தை மையால் எழுதுவாள். பென்சிலில் இருப்பது நடவடிக்கை ஆகாது என்பது பழைய தலைமையாசிரியருக்குத் தெரியும், மணியடிக்கிற கிழவருக்குக்கூடத் தெரியும். அவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

லீவில் போகும்போது தன் மேஜை மேல் இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டுத்தான் போனாள். பீரோச் சாவி எங்கே, எந்த முத்திரைக்கு எந்த மை, மூன்றாம் அலமாரியைத் திறக்கும்போது கீழ்த்தட்டை ஏன் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று சகலமும் எழுதினாள். பென்சிலைப் பற்றி எழுதவில்லை. கதவைத் திறந்துதான் உள்ளே போக வேண்டும் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

அவள் கட்டுப் போட்ட கண்ணோடு வீட்டில் படுத்திருந்த வாரத்தில், பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வெளியிலிருந்து மூன்று ஆபரேட்டர்கள் வந்தார்கள். இரண்டே நாளில் ஏற்றினார்கள். 'விலாசத்தில் இல்லை' என்று இருந்த நாற்பத்துமூன்று பேரையும் பள்ளியை விட்டுப் போனவர்கள் பக்கத்தில் சேர்த்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் அறுபது குடும்பங்கள் வாசலில் நின்றதால், காலியான இடங்கள் அன்று மாலையே நிரப்பப்பட்டன.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, முடியெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் நரைத்தது. கத்திக்கொண்டு வந்த பிள்ளைகளையெல்லாம் மறுபடி சேர்த்துவிட்டதாகவும், பெஞ்சுக்கு நாலு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் ஆகிவிட்டதாகவும் சொன்னார்.

"நாப்பத்திரெண்டு பேர் வந்துட்டாங்கம்மா. ஒரு ஆள்தான் பாக்கி. வேணும்னா வந்திருப்பாங்கல்ல?"

"யார் சார் அந்த ஒரு ஆள்?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு. பெயரைப் பார்த்ததும் ரிஜிஸ்டரம்மாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

'மூணு விலாசக்காரி' என்று அவள் செல்லமாகக் கூப்பிடுகிற பெண். இரண்டு வருஷத்தில் மூன்று அறை மாறியவள். அப்பா கிடையாது. அம்மா, கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. ஊர் ஊராக மாறியதில் ஒரு வருஷம் பின்தங்கி, போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. கணக்கு வாத்தியார், தன் முப்பது வருஷ வேலையில் இப்படி ஒரு மூளையைப் பார்த்ததில்லை என்று அலுவலகத்தில் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

சேர வந்த முதல் நாள் அந்தப் பெண் அலுவலக பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ரிஜிஸ்டரம்மா தலை நிமிர்ந்தபோது மதியமே ஆகிவிட்டது. "வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?" என்றதற்கு, "நீங்க வேலையா இருந்தீங்கம்மா" என்றாள். அந்த ரகம்.

லீவுக்கு இரண்டு நாள் முன்னால் அவளாகவே வந்து நின்றாள். மறுபடி அறை மாறிவிட்டதாகவும், புது அறையின் கதவு எண் சரியாகத் தெரியவில்லை, அடுத்த வாரம் சொல்வதாகவும் சொன்னாள். வீடு மாறியதைத் தானாக வந்து சொன்ன பிள்ளை அந்த நாற்பத்துமூன்று பேரில் அவள் ஒருத்திதான். ரிஜிஸ்டரம்மா அவள் கண்ணெதிரிலேயே பென்சிலை எடுத்து எழுதினாள். "அடுத்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன். வந்ததும் மையில எழுதிடலாம்" என்று சொன்னாளா, மனசுக்குள் நினைத்துக்கொண்டாளா என்பது இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

வாசலுக்கு ஓடி வந்து காவலாளியிடம் விசாரித்தாள்.

"ஆமாம்மா, ஒரு பொண்ணு. ஒல்லியா இருந்துச்சு. சிவப்பு லைட் எரிஞ்சதும் பட்டியலைப் பாத்தேன், பேர் இல்லைன்னேன். எல்லாரும் அந்தக் கத்து கத்துனாங்க. அது மட்டும் 'சரிங்க'ன்னு சொல்லிட்டு, கார்டை என் கையிலேயே கொடுத்துட்டுப் போயிடுச்சு."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? நாற்பத்திரண்டு பிள்ளைகள் அழுது குடித்துவிட்டன.

தலைமையாசிரியரிடம் திரும்பிப் போனாள். பொதுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பப் புதன்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. அந்தப் பெண் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் எப்படியாவது இடம் செய்து தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "ரெண்டாயிரம் பேருக்குப் பென்சில்ல எழுதி மாளுமாம்மா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயந்தரம் கணவர் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர்.

"டாக்டர் தூசியில போகாதேன்னாரு. நீ ஊர்வலம் கிளம்பறே."

"பேசாம ஓட்டுங்க."

"நாப்பது வருஷமா அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றபடி உதைத்துக் கிளப்பினார்.

முதல் விலாசம் டயர்க் கடைக்கு மேலே ஒரு நீள அறை. புடவையைக் குறுக்கே கட்டி மூன்று குடும்பங்கள் இருந்தன. அந்தத் தாயையும் மகளையும் அங்கே யாருக்கும் தெரியவில்லை. முன்பு இருந்தவர்களில் ஒருவர்கூட இப்போது இல்லை. இரண்டாம் விலாசத்தில் வீடே இல்லை. பெரிய பள்ளம் தோண்டி, கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், கிடங்குக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டைக் கை காட்டினாள்.

அந்த நாலாவது அறைக்குத்தான் கதவு எண் தெரியாது என்று மகள் சொன்னது. ஏன் தெரியவில்லை என்பது இப்போது தெரிந்தது. கதவில் எண்ணே இல்லை. உள்ளே ஒரு ஆள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமையே காலி செய்துவிட்டார்கள் என்றான். மூலையில் பழைய சாமான்களோடு கணக்கு நோட்டு ஒன்று கிடந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டாள். ஒரு பக்கம்கூட மிச்சம் விடாமல், அட்டையின் உள்பக்கம் வரை பொடி எழுத்தில் கணக்குப் போட்டிருந்தது.



மறுநாள் மதியம், கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்தத் தாயைக் கண்டுபிடித்தாள். துடைப்பக் கட்டைகளும் வாளிகளும் அடுக்கிய அறையில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் அவள். ரிஜிஸ்டரம்மாவைப் பார்த்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். தன் வாளியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, உட்காரச் சொன்னாள்.

"மகள் எங்கேம்மா?"

அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். ஒரு ராத்திரிப் பயண தூரத்தில், பெரியம்மாக்காரி வேலை செய்கிற துணிக் கம்பெனியிலேயே வேலை. சனிக்கிழமை ரயிலேற்றி, நேற்றுக் காலை வேலையில் சேர்ந்தாகிவிட்டது.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க? வந்து ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"நான் வரேன்னுதாம்மா சொன்னேன். அவதான் விடலை." அந்தத் தாய் கோபமில்லாமல்தான் பேசினாள். "நீ எதுக்குடி வீடு மாறினதைப் போய்ச் சொன்னேன்னு திட்டினேன். அந்தம்மா என் கண்ணு முன்னாடிதான் எழுதுனாங்க, அவங்க யோசிக்காம எதையும் எழுத மாட்டாங்க, போய்ச் சண்டை போட்டா அவங்களுக்குத்தான் சங்கடம்னு சொல்லிட்டா."

ரிஜிஸ்டரம்மா வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் இருந்ததால்தான் அந்த அறையை வைத்திருந்தோம் என்றாள் தாய். பள்ளிக்கூடமே இல்லை என்றானதும் எதற்கு அறை? தாய் மட்டும் தன் துப்புரவுக் கம்பெனியின் பெண்கள் விடுதிக்கு மாறிவிட்டாள். அங்கே படுக்கை ஒன்றுதான், பிள்ளைகளை வைத்துக்கொள்ள விட மாட்டார்கள்.

"எங்க வீட்டுல இருக்கட்டும். என் பையன் ரூம் சும்மாதான் கிடக்கு. பரீட்சை முடியற வரைக்கும் என் பொண்ணா இருக்கட்டும். நீங்க போன் போடுங்க."

போன் மூன்றாவது தடவைதான் எடுக்கப்பட்டது. பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல். தாய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள்.

"நான் ரிஜிஸ்டரம்மா பேசறேன்."



"கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

அதற்குப் பிறகு ரிஜிஸ்டரம்மா பேசியதெல்லாம் ஒழுங்காக வரவில்லை. பென்சிலைப் பற்றிச் சொன்னாள், ஆபரேட்டர்களைப் பற்றிச் சொன்னாள், புதன்கிழமை ஐந்து மணியைச் சொன்னாள், தன் வீட்டு மாடியறையைச் சொன்னாள். இன்று ராத்திரி ரயிலேறினால் காலையில் ஸ்டேஷனுக்கே வந்து நிற்கிறேன் என்றாள்.

"அப்ப நீங்க என் பேரை எடுக்கலையாம்மா?"

"நான் எடுக்கலைடி கண்ணு. சத்தியமா எடுக்கலை."

"சரிம்மா."

அந்த 'சரி' காவலாளியிடம் சொன்ன அதே 'சரி'தான் என்று ரிஜிஸ்டரம்மாவுக்குப் புரிந்தது.

"பெரியம்மா பொறுப்பேத்துக்கிட்டுச் சேத்துவிட்டிருக்காங்க. நான் பாதியில போனா அவங்களையும் வேலையை விட்டு எடுத்துடுவாங்களாம். பெரியம்மாவுக்கு மூணு பிள்ளைங்கம்மா. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நேத்துத்தானே சேர்ந்தே. நான் பேசறேன் அவங்ககிட்ட."

"வேணாம்மா. பெரியம்மா பயப்படறாங்க." அவளே பேச்சை மாற்றினாள். "இங்க யாரும் விலாசம் கேக்கலைம்மா. போனதும் சேத்துக்கிட்டாங்க. கணக்கு சார்கிட்ட சொல்லிடுங்க. மேஸ்திரி பாக்கறாரு, வெக்கறேன்."

போன் நின்ற பிறகும் ரிஜிஸ்டரம்மா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆபரேஷன் செய்தது இடது கண்ணில். தண்ணீர் இரண்டிலும் வந்தது. கண்ணைத் தேய்க்கக் கூடாதும்மா என்று அந்தத் தாய்தான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

புதன்கிழமை காலை, ராத்திரி ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷனில் போய் நின்றாள். வர மாட்டாள் என்று தெரிந்துதான் நின்றாள். பெட்டிகள் காலியாகி, ரயிலை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை கணவரும் கூடவே நின்றார்.

மாலை ஐந்து மணிக்குப் பெயர்ப் பட்டியல் போனது. நாலே முக்காலுக்குக் கணக்கு வாத்தியார் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வரிசை வீட்டிலிருந்து எடுத்து வந்த நோட்டை அவரிடம் கொடுக்கலாம் என்று நினைத்து, கொடுக்க மனசில்லாமல் தன் மேஜை இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் மதியம், மேஜைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். பதினெட்டு மாடிக் கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டுகிற ஆள். கைவிரல்களில் பாதிக்கு மேல் பிளாஸ்திரி. கூடவே அவர் மகள். காத்திருப்புப் பட்டியலிலிருந்து சேர்ந்த பெண். பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு, ஜன்னலோரத்து மூன்றாம் பெஞ்சு. அது யார் உட்கார்ந்திருந்த இடம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

அவருக்கு இந்த ஊர்ப் பேச்சு இன்னும் சரளமாக வரவில்லை. "அம்மா, நாங்க அடுத்த மாசம் ரூம் மாறுது. மாறினா சொல்லணும்னு பொண்ணு சொல்லுது. அதான் வந்தோம்."

பழக்கதோஷத்தில் ரிஜிஸ்டரம்மாவின் கை பென்சிலை எடுத்துவிட்டது. பதிவேட்டின் ஓரம்வரை கொண்டுபோய்விட்டது. பிறகு அதைக் கீழே வைத்தாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லேம்மா."

"சொல்லாதீங்க. என்கிட்டயும் நீங்க சொல்லலை. யார் கேட்டாலும் பழைய ரூம்தான். விளங்குதா?"

அவர் விழித்தார். உண்மையைச் சொல்ல வந்தவரைப் பொய் சொல்லச் சொல்லும் அலுவலகத்தை அவர் எந்த ஊரிலும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மகள்தான் அப்பாவின் காதில் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். பிறகு ரிஜிஸ்டரம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நான் நாளைக்கு வரலாமாம்மா?"

"வா" என்றாள் ரிஜிஸ்டரம்மா. "தினமும் வா. என்னிக்காவது சிவப்பு லைட் எரிஞ்சா, சரின்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிடாதே. அந்த வாசல்லேயே நின்னு கத்து. நான் உள்ளேதான் இருப்பேன். எனக்குக் கேக்கற வரைக்கும் கத்து."